சேம அச்சு

அச்சு என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. உலோகம் வார்த்தெடுக்கும் கருவும் அச்சு. நூல்களைப் பதிப்பிக்கும் எழுத்தும் அச்சு. வண்டிச் சக்கரங்களுக்கு இடையே நின்று சுமை தாங்கும் தண்டும் அச்சு. இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் கற்றோர் அவையில் பெருமை பெற்றவை. தரங்கம்பாடியில் 1714, 1715 ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிய வரலாற்றை நம் கல்லூரி மாணவர் பலரும் அறிவர். மூன்றாவதாகிய வண்டி அச்சுக்கு அத்தகைய பெருமை வாய்க்கவில்லை. அது வண்டியின் அடியில், சேறும் தூசியும் படிந்து, காண்பார் கண்ணுக்குத் தோன்றாமல் கிடக்கின்றது. பழுதுற்ற அன்றுதான் அதன் பெயர் ஒருவர் வாயில் வருகின்றது. அங்ஙனம் பழுதுற்ற ஒரு பழைய பிக்கப்பு வண்டியின் பின் அச்சுக்கு மாற்று அச்சுத் தேடியபோது யான் கண்டவற்றையும் கருதியவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தேன். இலக்கியம் பயிலும் மாணவன் இரும்பைப் பற்றி எழுதுதல் தகுமோ எனின், தகும் என்பதற்கு நம் பழம்பாட்டு ஒன்றே சான்றாகும்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் மகனாகிய பொகுட்டெழினியைக் குறித்தது. அதில் உப்பு வாணிகராகிய உமணர் வருகின்றனர். வண்டியில் பண்டம் மிகுதியாக ஏற்றியாயிற்று. பூட்டிய எருதுகளோ இளையவை, நுகத்திற்குப் பழகாதவை. வழியில் பள்ளம் உண்டோ மேடு உண்டோ, அங்கே என்ன நேருமோ, முன்னரே அறிவார் யாருமிலர். இதனை எண்ணிய உமணர் வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொள்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். ஒரு தலைவனைப் புகழ வந்த புலவர் புலியையும் களிற்றையும் உவமை கூறுதல் பெருவழக்கு. ஔவையாரோ, வண்டியின் அடியில் கட்டிக் கிடக்கும் மாற்று அச்சை ஒரு வேந்தன் மகனுக்கு உவமையாக்கினார். ஆபத்துக் காலத்தில் உதவுவோன் என்பதற்கு அதனினும் பொருத்தமான உவமை வேறு யாதுளது?

இப்பாட்டைப் படிக்குந்தோறும் என் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றுண்டு. அவ்வுமணர் தம் சேம அச்சை எவ்வாறு தேர்ந்தெடுத்தனர்? பாட்டு அதனைக் கூறவில்லை. ஆயினும் ஒன்று துணிந்து சொல்லலாம். அவ்வச்சு அந்த வண்டியின் சக்கரக் குடத்தினுள் நுழைதல் வேண்டும். அதன் நீளம் அந்த வண்டியின் அகலத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். காட்டிலேயே வலிய மரத்தைக் கடைந்து செய்ததாயினும், குடத்திற்குப் பொருந்தாவிடின் அது வழியிலே அடுப்பெரிக்கும் விறகாகுமேயன்றி அச்சாகாது. மாற்று அச்சைத் தேர்வதில் வலிமை முதற் கேள்வியன்று. பொருத்தமே முதற் கேள்வி. இந்த உண்மையை யான் நூலகத்திற் கற்றதினும் பட்டறையிற் கற்றதே மிகுதி.

அது நிற்க. உமணர் கூட்டம் இன்று இல்லை. ஆனால் உப்புச் சுமந்து செல்லும் வண்டி நம் நாட்டில் இன்றும் உளது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வாழ்வன என்பதை யாவரும் அறிவர். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னர், ஆம்பூரில் தோல் ஏற்றிக்கொண்டு வேலூர் வழியாக இராணிப்பேட்டைக்குச் செல்லும் வண்டி ஒரே நடையில் மூன்று மாவட்டங்களைத் தொட்டுச் செல்கின்றது. அவ்வண்டியில் இருப்பது தோல் மட்டுமன்று. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும் ஆதலின், அதன் மேல் உப்பைத் தடவி அடுக்குவர். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலும் உப்புச் செலவாவதுண்டு. உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது. அந்நீர் உப்புநீராய் வழிநெடுகச் சொட்டுகின்றது. அது சொட்டும் இடம் எது? பலகையின் இடுக்குகளின் வழியே இறங்கி, வண்டியின் பின் அச்சின் மேல்.

தோற்சாலைகளில் கழுவி விடப்பட்ட உப்பும் ஏனைய கழிவுகளும் பாலாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்த துயரக்கதை பெரிது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. கிணற்றைக் கெடுத்த அதே உப்பு, தோல் ஏற்றும் வண்டிகளின் இரும்பையும் ஓசையின்றி அரித்து வருகின்றது. ஊர்க்கிணற்றுக்காக வழக்குத் தொடுப்பார் உளர். வண்டியின் அச்சுக்காகக் கவலைப்படுவார் அதனை ஓட்டுபவர் ஒருவரே.

உப்பேயன்றிச் சுமையும் ஒரு காரணம். பதனிட்டு முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பர். அது உலர்ந்து இலேசாக இருக்கும். பச்சைத் தோலோ நீரும் உப்பும் கலந்து கனப்பது. இரண்டையும் வண்டியில் ஒரே உயரத்திற்கு அடுக்கினால் கண்ணுக்கு ஒரே பாரமாய்த் தோன்றும். அச்சுக்கு அங்ஙனம் தோன்றாது. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்னும் கருத்து திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் உளது. மயிலிறகுக்கே அவ்வாறெனில் ஈரத் தோலுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, மோட்டார் வண்டியின் பின் அச்சு மாட்டு வண்டியின் அச்சினின்றும் வேறுபடுமாற்றைச் சிறிது விளக்குதல் வேண்டும். இல்லையேல் மேல் வருவன விளங்கா. மாட்டு வண்டியில் அச்சு அசையாது நிற்கும். இரு சக்கரங்களும் தனித்தனியே தம் போக்கில் சுழலும். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல்வதற்கு அங்கே தடையொன்றும் இல்லை. இரயில் வண்டியில் அங்ஙனமன்று. இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடு வரை 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. இரயிலில் இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பொருந்தி ஒன்றாகவே சுழல்வன. சக்கரத்தின் உருளும் பரப்பைச் சற்றே சாய்வாகக் கடைந்திருப்பதால், வளைவில் வெளிச்சக்கரம் தன் பெரிய வட்டத்திலும் உட்சக்கரம் தன் சிறிய வட்டத்திலும் உருண்டு திரும்புகின்றன.

மோட்டார் வண்டியின் பின்சக்கரங்களுக்கோ இரண்டு கடமைகள் உள. என்ஜினின் விசையால் அவை இரண்டும் சுழற்றப்படவும் வேண்டும். வளைவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டுச் சுழலவும் வேண்டும். இவ்விரண்டையும் நிறைவேற்றுவது அச்சின் நடுவே பருத்துத் தோன்றும் உருண்டைக்குள் இருக்கும் பற்சக்கரத் தொகுதி. என்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உளது. அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டினுள்ளே அமைந்த சிறு பற்சக்கரங்கள் விசையை இரு பக்கமும் பகிர்ந்தளித்து, ஒரு சக்கரம் தாமதித்தால் மற்றொன்று விரைய இடம் தருகின்றன. பிரெஞ்சு நாட்டவராகிய பெக்கர் என்பவர் 1827இல் இவ்வமைப்புக்கு உரிமை பெற்றார். நம் பக்கத்து ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குப் புலவர், வள்ளல் முதலியோர் பெயர்களை இட்டிருக்கின்றனர். அவ்வளவு வளைவுகளிலும் சக்கரம் தேய்ந்து இழுபடாமல் வண்டி திரும்புவது இச்சிறு பற்சக்கரங்களின் உதவியாலேயாம்.

என் தாய்மாமன் ஆம்பூரில் பழைய பிக்கப்பு வண்டி ஒன்றை வைத்துத் தோல் மண்டிகளுக்கும் தோற்சாலைகளுக்கும் இடையே சரக்கு ஏற்றி வருபவர். என் விடுதிக் கட்டணமும் அவ்வண்டியின் வருவாயிலிருந்தே செலுத்தப்படுகின்றது. சென்ற கோடை விடுமுறையில், பள்ளிகொண்டாவுக்கு அப்பால் நெடுஞ்சாலையில் செல்லும்போது வண்டியின் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. விரைவு மிகுந்தால் முனகலும் மிகும். காலை எடுத்தால் ஓசை மாறும். மறுநாள் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சின் அடியிலிருந்த திருகைக் கழற்றினர். கருமையாய் ஒழுக வேண்டிய கியர் ஆயில் பால் கலந்த தேநீரைப் போல ஒழுகியது. அதில் காந்தத்தை நனைத்து எடுத்தபோது இரும்புத் துகள்கள் மயிர்போல ஒட்டிக்கொண்டு நின்றன.

பட்டறையின் பெரியவரை அனைவரும் பாய் என்றே அழைப்பர். நாற்பது ஆண்டு இத்தொழிலில் பழகியவர். அவர் அச்சின் மேற்புறத்திலிருந்த ஒரு சிறு துளையைக் காட்டினார். "தம்பி, இது அச்சுக்கு மூக்கு. ஓடும்போது உள்ளே சூடேறிக் காற்று விரியும். இதன் வழியாகத்தான் வெளியேறும். உப்பும் மண்ணும் சேர்ந்து இதை அடைத்துவிட்டன. மூக்கு அடைத்தால் காற்று ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு போகும். வண்டி நின்று அச்சுக் குளிர்ந்தால் அதே வழியாக உப்புநீரை உள்ளே உறிஞ்சும்" என்றார். உள்ளே புகுந்த உப்புநீர் பேரிங்குகளைக் குழி விழச் செய்திருந்தது. பினியனின் பற்கள் இரண்டில் முனை சிதைந்திருந்தது. அதனினும் கொடியது வேறு. வில் பட்டைகள் வந்து அமரும் இடத்தருகே, அச்சின் கூடாகிய ஹவுசிங்கில் துரு செதில் செதிலாய் உரிந்தது. சுத்தியலால் தட்டிய இடத்தில் ஒட்டு வாயோரமாக மயிரிழை போன்ற பிளவு ஒன்று தோன்றிற்று.

அப்பொழுது எங்கள் முன் நின்ற வழிகள் நான்கு. முதலாவது, பழைய ஹவுசிங்கையே பற்றவைத்து, உள்ளே புதிய கிரவுனும் பினியனும் பேரிங்குகளும் பொருத்துவது. இரண்டாவது, முழு அச்சையும் புதிதாக வாங்குவது. மூன்றாவது, அதே வகை வண்டியிலிருந்து கழற்றிய பழைய அச்சு ஒன்றைத் தேடி மாற்றுவது. நான்காவது, பெரிய லாரியின் கனத்த அச்சைக் கொணர்ந்து பூட்டுவது.

முதல் வழியைப் பாய் ஒரே சொல்லில் மறுத்தார். உப்பு ஊறிய இரும்பில் பற்றவைப்பு நிலைக்காது. அன்றியும் சூட்டினால் கூடு சிறிதேனும் கோணினால் உள்ளிருக்கும் புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் விரைவில் தேய்ந்து கெடும் என்றார். இரண்டாவது வழி தக்கதே. ஆனால் முழுப் புதிய அச்சின் விலை அவ்வண்டியின் வயதுக்கு ஏற்றதன்று. கோபுரம் கட்ட நினைப்பவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உளது. என் மாமன் பட்டறையின் கட்டைமேல் உட்கார்ந்து அங்ஙனமே கணக்கிட்டார்.

நான்காவது வழியைப் பற்றித்தான் நெடும் பேச்சு நிகழ்ந்தது. மாமனுக்குச் சரக்கு கொடுக்கும் வணிகர் ஒருவர், "பெரிய லாரி அச்சைப் போட்டுவிடு, இரண்டு நடையில் ஏற்றும் தோலை ஒரே நடையில் ஏற்றிவிடலாம். ஆண்டு முழுதும் என் சரக்கு உன் வண்டிக்கே" என்றார். கேட்பதற்கு இனிய சொல். பின்னும் சில கூட்டி வைத்தும் பட்டைகளை அடுக்கியும் அத்தகைய வண்டிகள் சாலையில் ஓடுவதை நாம் காணாமலில்லை. ஆனால் அச்சை மட்டும் பெருக்கினால் வண்டி பெருத்துவிடுமோ? அந்தச் சுமையைத் தாங்க வேண்டிய சட்டம் பழையது. நிறுத்த வேண்டிய பிரேக்கு பழையது. இழுக்க வேண்டிய என்ஜின் பழையது. பெரிய டிரம்முக்கு வேண்டிய அளவு எண்ணெயைச் சிறிய வண்டியின் பிரேக்கு மிதி தள்ளாது. அச்சு முறியாது நிற்கும். அதற்கு ஈடாக வேறொன்று முறியும்.

என் மாமன் மிகுதியாகப் பேசும் இயல்பினர் அல்லர். அன்று அவர் கூறியது இதுவே: "பழைய துணியில் கோடித் துண்டை வைத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று வேதத்தில் இருக்கிறது. துண்டு கிழியாது, துணிதான் கிழியும்." அவ்வுவமையை அடுத்தே புதிய திராட்சரசத்தையும் பழைய துருத்தியையும் பற்றிய உவமை வருகின்றது. துருத்தி என்பது தோலாற் செய்த பை. தோலையே தொழிலாகக் கொண்ட ஊரில், பழைய தோல் எங்கே கிழியும் என்பதை ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டமும் இதனையே கூறுகின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் செய்தவர் முதலில் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்று விதிக்கின்றது. அதே சட்டத்தின் 194ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டது; அதன்படி மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் தண்டம் உண்டு. ஆயினும் மாமன் அஞ்சியது தண்டத்தை அன்று. வண்டியில் அவர் அருகே நாள்தோறும் அமர்ந்து வரும் சுமைக்காரர் ஒருவர் உளர். அவருக்கு மூன்று பிள்ளைகள். "இறக்கத்தில் பிரேக்குப் பிடிக்காவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் யார் சொல்வது?" என்று மாமன் கேட்டதற்கு வணிகர் விடை கூறவில்லை.

ஆகவே மூன்றாவது வழியே எஞ்சியது. பழைய அச்சுத் தேடுவோர்க்குச் சென்னைப் புதுப்பேட்டை பெயர்பெற்ற இடம். கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் அங்கே தெருத்தெருவாய்க் குவிந்து கிடக்கும். தோல் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற பெரியமேடும் அதற்கு அணித்தே உளது. பெரியமேட்டுக்குத் தோல் கொண்டு செல்லும் வண்டியொன்றில் இடம்பெற்று, மாமனும் பாயும் யானும் சென்றோம். புறப்படும் முன்னரே பாய் எனக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, எங்கள் அச்சின் அளவுகளை எழுதிக்கொள்ளச் செய்தார். ஒரு பக்கத்துச் சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து மறுபக்கத்து முகம் வரை உள்ள நீளம். வில் பட்டைகள் அமரும் இரு மேடைகளுக்கும் இடையே உள்ள தூரம். நடுவிலுள்ள உருண்டை எந்தப் பக்கம் ஒதுங்கியுள்ளது என்பது. பினியன் முகத்திலுள்ள போல்ட்டுகளின் இடைவெளி. சக்கரத்துக்கு எத்தனை போல்ட்டுகள். பிரேக்கு டிரம்மின் குறுக்களவு. இறுதியாகக் கிரவுன், பினியன் ஆகியவற்றின் பற்களின் எண்ணிக்கை. எங்கள் அச்சில் கிரவுனுக்குப் பல் 41; பினியனுக்கு 8. அஃதாவது, தண்டு ஐந்து சுற்றுக்குச் சிறிது மேல் சுழன்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுழலும்.

முதற் கடையில் காட்டப்பட்ட அச்சு பார்வைக்கு அழகியது, துரு இல்லை, நீளமும் ஒத்திருந்தது, விலையும் குறைவு. "ஆள் ஏற்றும் வண்டியில் இருந்தது, சுமையே அறியாதது" என்றார் கடைக்காரர். பாய் என்னை நோக்கி, "மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், ஆக்சில் வாங்குகிறவனும் பல்லைத்தான் பார்க்க வேண்டும், தம்பி" என்றார். உருண்டையைத் திறவாமலே பல்லின் கணக்கை அறியும் முறையையும் கற்பித்தார். ஒரு பக்கத்துச் சக்கர முகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் இரண்டு சுற்றினால், நடுவிலுள்ள கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றியதாகும். அப்பொழுது பினியன் எத்தனை முறை சுழல்கின்றதோ அதுவே விகிதம். யான் சுண்ணக்கட்டியால் குறியிட்டு எண்ணினேன். நான்கு சுற்றும் சிறிதளவும் வந்தது. பின்னர்த் திறந்து பார்த்தபோது கிரவுனுக்கு 37, பினியனுக்கு 9 பற்கள் இருந்தன.

கடைக்காரர், "நல்லதுதானே? என்ஜின் மெல்லச் சுழலும், டீசல் மிச்சமாகும்" என்றார். அவர் கூற்றில் பொய் இல்லை. ஒரே வேகத்திற்கு என்ஜின் சுழல்வது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் சக்கரத்திற் சேரும் இழுவிசையும் அதே ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆள் ஏற்றிச் சமவெளியில் விரையும் வண்டிக்கு அது நலம். ஈரத் தோலை ஏற்றி மேட்டில் முக்கி ஏறும் வண்டிக்கு அது கேடு; கிளட்சு தேயும், என்ஜின் திணறும், மிச்சமாகும் என்ற டீசலும் மிச்சமாகாது.

அவ்வச்சை மறுப்பதற்கு அதனினும் பெரிய காரணம் மற்றொன்று இருந்தது. அச்சுகளில் இருவகை உண்டு. ஒருவகையில், வண்டியின் சுமையை வெளிக்கூடே தாங்கும். உள்ளே செல்லும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது ஒன்றே வேலை. தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். வண்டி ஓடாமல் நிற்குமேயன்றிக் கவிழாது. மற்றொரு வகையில், உள்தண்டே சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், சுமையைத் தாங்கவும் வேண்டும். அது இலேசானது, செலவு குறைந்தது, ஆள் ஏற்றும் வண்டிக்குப் போதுமானது. ஆனால் சக்கரத்தருகே தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று போகக்கூடும். எங்கள் பழைய அச்சு முதல் வகையது. கடையிற் கண்ட அழகிய அச்சு இரண்டாம் வகையது. நீளம் ஒத்ததாலேயே இரண்டும் ஒன்றென்று கொள்ளுதல், எழுத்து ஒத்ததாலேயே இரு சொல்லையும் ஒரே சொல் என்று கொள்ளுதல் போலாம்.

வேறொரு கடையில் எல்லா அளவும் ஒத்த அச்சொன்று கிடைத்தது. ஆனால் அது எந்த வண்டியினின்றும் வந்தது என்று கூறவோ, பில் எழுதித் தரவோ கடைக்காரர் உடன்படவில்லை. மாமன் அதனைத் தொடாமலே திரும்பினார். பொழுது சாயும் வேளையில் மூன்றாவது ஓர் அச்சுக் கிடைத்தது. தோற்றத்தில் அழகில்லை, மேலெல்லாம் காய்ந்த சேறு. பற்கள் 41, 8. பினியனை முன்னும் பின்னும் அசைத்தால் மிகச் சிறிய இடைவெளியே தோன்றியது. பற்களின் முகத்தில் தேய்வு ஒரே சீராய் இருந்தது. ஆயில் கருமையாயினும் துகள் இல்லை. பாய் கூட்டின் நெடுகிலும் நூல் பிடித்துக் கோணல் இல்லை என்று கண்டார். ஒட்டு வாய்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பிளவு இல்லை என்று கண்டார். பிரித்த வண்டியின் தாள்களைக் காட்டி, பில்லும் எழுதிக் கொடுத்தனர். அதையே வாங்கினோம்.

ஆம்பூரில் அதனைப் பூட்டும் முன்னர்ப் பேரிங்குகளும் ஆயில் சீல்களும் புதியனவாக மாற்றப்பட்டன; யூ போல்ட்டுகளும் புதியன. பழைய யூ போல்ட்டு ஒருமுறை இழுத்து முறுக்கப்பட்டது ஆதலின் மீண்டும் நம்பத் தகாதது என்பது பாயின் கொள்கை. மூச்சுத் துளையில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி, உப்புநீர் எட்டாத உயரத்திற்கு அதன் வாயைக் கொண்டுபோய்க் கட்டினார். வண்டிப் பலகையின் கீழ் ஒரு தகடு அமைத்து, சொட்டும் நீர் அச்சின்மேல் விழாமல் ஒரு பக்கத்துத் தகரப் பெட்டியில் சேருமாறு செய்தார். இனி ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் நல்ல நீரால் அச்சைக் கழுவ வேண்டும் என்றும் கட்டளையிட்டார். அச்சின் விலையினும் இச்சிறு வேலைகளின் விலை மிகக் குறைவு. ஆனால் மாற்று அச்சின் ஆயுள் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்ததே.

பெரிய அச்சை வேண்டிய வணிகரின் சரக்கு வேறொரு வண்டிக்குச் சென்றது. மாமனுக்கு அதனால் வருவாய் குறைந்தது உண்மை. என் விடுதிக் கட்டணமும் இம்முறை இரண்டு தவணையாகவே செலுத்தப்பட்டது. இதனை யான் குறையாகக் கூறவில்லை. பொருத்தமானதைத் தேர்வதற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைக் கடைக்காரர் எழுதும் பில்லில் மட்டும் தேடுதல் கூடாது என்பதையும் கூறுதற்கே எழுதினேன்.

மொழிநூலார் வடமொழியின் அக்ஷம், இலத்தீனின் ஆக்ஸிஸ், ஆங்கிலத்தின் ஆக்சில் ஆகிய சொற்களை ஒரே குடும்பத்தன என்பர்; தமிழில் வழங்கும் அச்சையும் அவ்வடசொல்லோடு தொடர்புபடுத்துவார் பலர். அங்ஙனமாயின், பட்டறையில் நின்று ஆக்சில் என்பவரும், வகுப்பறையில் இருந்து சேம அச்சு என்பவரும் ஒரே சொல்லின் இரு கிளைகளையே பற்றி நிற்கின்றனர். இருவரும் அறிய வேண்டிய செய்தியும் ஒன்றே. ஏற்றப் போகும் சுமை இவ்வளவு, செல்லப் போகும் வழி இத்தகையது என்று முதலில் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாதவன் எந்த அச்சையும் சரியாகத் தேர்ந்துகொள்ள இயலாது. பெரிதைத் தேடுவது எளிது. பளபளப்பதைத் தேடுவது அதனினும் எளிது. பொருந்துவதைத் தேடுவதற்கோ அளவுகோலும் வேண்டும், அந்த அளவு காட்டும் உண்மைக்கு அடங்கும் மனமும் வேண்டும். இவ்விரண்டும் உடையவரையே ஔவையார் சேம அச்சுக்கு நிகராகக் கருதியிருப்பார் என்பது எளியேன் கருத்து.